ஏலக்காய் மூட்டைக்குப் பின்னால் நடந்த கேமரா

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். மலையில் விளைவதும் ஏலம். அதை விலை பேசி விற்பதும் ஏலம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடப்பது போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும்தான். காயின் எடைக்குக் கணக்கு உண்டு, பருமனுக்கு உண்டு, பச்சை நிறத்துக்கும் உண்டு. அதை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த முதுகுக்கு மட்டும் எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

அந்த முதுகுக்குப் பின்னாலேயே ஒரு தமிழ்ப் படம் நடந்து போனது. லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை'. விஜய் சேதுபதி தயாரித்தார். இளையராஜா இசை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. 2018 ஆகஸ்ட் 24 அன்று தியேட்டருக்கு வந்தது. விஜய் சேதுபதி தயாரித்த படம்தான். ஆனால் அவர் அதில் நடிக்கவில்லை. நாயகன் ரங்கசாமியாக வந்தவர் ஆண்டனி, ஈஸ்வரியாக வந்தவர் காயத்ரி கிருஷ்ணா. திரையில் வரும் முகங்களில் பல, அந்த மலையடிவார ஊர்களின் முகங்கள்.

படம் வந்தபோது இரண்டு விதமான பேச்சு எழுந்தது. "வாழ்க்கையை அப்படியே எடுத்திருக்கிறார்கள்" என்றது ஒரு தரப்பு. "அவார்டு படம்ப்பா, மெதுவாத்தான் போகும்" என்றது இன்னொன்று.

'அவார்டு படம்' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பாராட்டும் ஒதுக்கலும் ஒன்றாகக் கலந்த சொல் அது. இந்த மாதிரிப் படங்கள் யாருக்காக எடுக்கப்படுகின்றன, எங்கே போய்ச் சேருகின்றன, போடியில் காய் எடுக்கப் போகிறவருக்கும் இதற்கும் என்ன உறவு என்கிற கேள்விகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

மலை என்றால் டூயட்

நம் சினிமாவுக்கு மலை என்பது பாட்டு எடுக்கும் இடம். பனி, தேயிலைச் சரிவு, வளைந்து போகும் ரோடு. நாயகனும் நாயகியும் ஓடி வருவார்கள். பின்னால் தோட்டத்தில் குனிந்து நிற்கிறவர்கள், பச்சை நிறத்தில் ஒரு புள்ளி.

ஆனால் போடி மலைக்குப் பாட்டைவிடப் பழைய கதை உண்டு. சுமை இறங்கிய கதை. மூணாறில் தேயிலை பெருகிய காலத்தில், குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சின்ன ரயில் ஓடியது. அது தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனில் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் கொட்டகுடிப் பக்கம் கீழே இறங்கும். பிறகு போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் அதை நிறுத்தினார்கள். மறுபடி போடி வரை ரயில் வர 2023 ஜூன் ஆகிவிட்டது.

ரயிலும் கம்பிவடமும் எட்டாத சரிவுகள் ஏராளம். அங்கே மனிதனும் கழுதையும்தான் வண்டி. தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஜனங்கள் மெட்டுப் பாதைகளில் ஏறி, மேலே ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்து இறங்குவது தலைமுறைப் பழக்கம். இன்றும் விடியற்காலையில் ஜீப்புகள் நெருக்கியடித்து ஆள் ஏற்றிக்கொண்டு கேரளத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. ஏலச்செடியில் காய் உச்சியில் தொங்காது. தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரங்களில் பிடிக்கும். அதனால் காய் எடுக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்துதான் இருக்க வேண்டும்.

இந்தக் குனிவையும் ஏற்றத்தையும் 'மேற்குத் தொடர்ச்சி மலை' பாட்டுக்குப் பின்னணியாக வைக்கவில்லை. அவற்றைக் கொண்டே கதை சொன்னது.

கேமரா எதற்காகக் காத்திருக்கிறது?

ரங்கசாமிக்கு ஒரே ஓர் ஆசை. சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அதற்காக மலையேறி இறங்கிச் சுமை தூக்குகிறான். அவன் நடக்கிறான், படமும் நடக்கிறது. வழியில் டீக்கடை வருகிறது. உடன் ஏறுகிற கிழவர் வருகிறார், பேச்சு வருகிறது, மூச்சு வாங்குகிறது. வழக்கமான படமாக இருந்தால் இந்த நடையை மூன்று ஷாட்டில் முடித்துவிட்டு 'கதைக்கு' வந்துவிடுவார்கள். இங்கே நடைதான் கதை. ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்கள் காலுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் பின்னால் ஒரு மூட்டை கை நழுவிப் பள்ளத்தில் உருளும்போது, உருளுவது ஏலக்காய் மட்டும் அல்ல என்பது புரியும். ஒரு மனிதன் வருடக்கணக்கில் ஏறிய ஏற்றமெல்லாம் அந்தச் சில நொடிகளில் கீழே போகிறது.

நாயகனுக்கு அறிமுகக் காட்சி இல்லை. முறுக்கு மீசை வில்லனும் இல்லை. நிலம் கைக்கு வருவதும் போவதும் யாரோ ஒரு கெட்டவனால் மட்டும் நடப்பதில்லை. குடும்பத் தகராறு, கடனுக்குக் கிடைக்கும் விதையும் உரமும், மலைக்குள் வரும் ரோடு, தொழிற்சங்கத்துக்குள் நடக்கும் சமரசம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து கழுத்தை இறுக்குகின்றன. படம் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு வரிகளைத் தாண்டிப் போகலாம். கடைசியில் அவன் நிலத்தில் காற்றாலை நிற்கிறது. அதற்கு அவனே காவலாளி. கேமரா அவனை விட்டு மேலே மேலே எழும்புகிறது. அவன் சிறுத்துப் புள்ளியாகிறான், சுற்றிலும் காற்றாலைகளாக விரிகிறது.

பாட்டுக்குப் பின்னால் புள்ளியாக நின்ற ஆளைப் பக்கத்தில் போய்ப் பார்த்த படம், கடைசி ஷாட்டில் அவனைத் திரும்பப் புள்ளியாக்குகிறது. ஆனால் இப்போது அந்தப் புள்ளியின் பெயர் நமக்குத் தெரியும். படம் செய்த வேலை அதுதான்.

பரிசோதனைப் படம் என்றால் என்ன?

கறாராகச் சொன்னால் 'மேற்குத் தொடர்ச்சி மலை' பரிசோதனைப் படம் அல்ல. அதில் கதை இருக்கிறது, பாத்திரங்கள் இருக்கிறார்கள், இளையராஜா இருக்கிறார். உலகத்தில் அந்தப் பெயரில் வழங்கும் படங்கள் இன்னும் தூரம் போனவை.

இன்னொரு மலையைப் பாருங்கள். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ஸ்னோ, கியூபெக் பகுதியில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மலையுச்சிக்குக் கேமராவைக் கொண்டு போனார். எல்லாத் திசையிலும் சுழலக்கூடிய ஓர் இயந்திரக் கையில் அதைப் பொருத்தினார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் பாறை, வானம், அடிவானம் என்று கேமரா சுற்றிக்கொண்டே இருக்கும். மனிதர் இல்லை, கதை இல்லை. 1971-ல் வந்த அந்தப் படத்தின் பெயர் 'லா ரேஜியோன் சென்ட்ரால்'. அதற்கு முன்பே, 1964-ல், ஓவியர் ஆண்டி வார்ஹோல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஒரே கோணத்தில் எடுத்து, எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படமாக்கினார்.

"இதை எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்பது தப்பே இல்லை. நியாயமான கேள்வி. பதிலும் அப்படி ஒன்றும் புரியாததல்ல. நாம் படம் பார்க்கும்போது 'அடுத்து என்ன' என்று காத்திருக்கிறோம். அந்த 'அடுத்து' வராது என்று தெரிந்துவிட்டால், கண் வேறு வேலையைத் தொடங்கும். வெளிச்சம் மாறுவது தெரியும். நேரம் போவது தெரியும். பஸ் வராத ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றால், எதிர்க்கடைப் போர்டின் எழுத்துப்பிழை வரை கண்ணில் படுகிறதே, அது மாதிரி.

கேமரா எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற வழக்கத்தை மாற்றிப் பார்ப்பதுதான் பரிசோதனைப் படங்களுக்கெல்லாம் பொதுவான விஷயம். ஸ்னோவின் மலையில் மனிதனே இல்லை. லெனின் பாரதியின் மலையில் மனிதனை விட்டுக் கேமரா நகர மறுக்கிறது. கேட்கிற கேள்வி ஒன்றுதான். நமக்கு இரண்டாவது மலை நெருக்கம், ஏனென்றால் அதில் நம் ஆட்கள் ஏறுகிறார்கள்.

இந்தியாவிலும் இதற்குப் பழைய வேர் உண்டு. ஓவியர் எம்.எஃப்.ஹுசைன் 1967-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக ராஜஸ்தானில் ஒரு குறும்படம் எடுத்தார். வசனம் கிடையாது. ஓர் ஓவியரின் கண்ணில் படும் உருவங்கள் மட்டும். அது பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருதை வாங்கியது. தமிழில் 1977-ல் ஜான் ஆபிரகாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை', சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

தேனியிலிருந்து போன 'மயில்'

அதே 1977-ல் தேனி மாவட்டத்துக்காரர் ஒருவர் தமிழ் சினிமாவையே கிராமத்துக்கு இழுத்து வந்தார். அல்லிநகரத்துப் பாரதிராஜா. படம் '16 வயதினிலே'. இசை பண்ணைப்புரத்து இளையராஜா. இரண்டு ஊருமே போடியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம்.

அந்தக் கதையை அவர் முதலில் 'மயில்' என்ற பெயரில், கறுப்பு வெள்ளையில், மத்திய அரசின் திரைப்பட நிதி நிறுவனத்தின் உதவியோடு சின்னப் படமாக எடுக்க நினைத்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்த உதவி கிடைக்கவில்லை. பிறகு எஸ்.ஏ.ராஜ்கண்ணு தயாரிக்க, கமல்ஹாசன், ஸ்ரீதேவி, ரஜினிகாந்த் நடிக்க, வண்ணத்தில் வந்தது.

உதவி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒரு 'அவார்டு படம்' வந்திருக்கும். டெல்லியில் நாலு பேர் பாராட்டியிருப்பார்கள். பரட்டையும் சப்பாணியும் டீக்கடைப் பேச்சுக்குள் வந்திருக்க மாட்டார்கள். கிடைக்காததால் ஊரே பார்த்த படம் வந்தது. ஒரே கதை இரண்டு வாசலில் எதன் வழியாகவும் போயிருக்கலாம். எந்த வாசல் திறக்கிறது என்பதைப் பொறுத்து, யார் பார்க்கிறார்கள் என்பது மாறிவிடுகிறது.

இப்படிப்பட்ட படங்களுக்கு இன்று திறக்கிற வாசல்கள் எவை?

முதல் வாசல்: தியேட்டர்

எல்லோரும் விரும்புவது இதைத்தான். ஆனால் இங்கே வெள்ளிக்கிழமை போடும் காட்சிக்குத் திங்கட்கிழமை கூட்டம் வர வேண்டும். இல்லாவிட்டால் போஸ்டர் கிழிக்கப்படும். பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று இங்கே தியேட்டருக்கு வந்தது. சூரியும் அன்னா பென்னும் நடித்த படம், சிவகார்த்திகேயன் தயாரிப்பு. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, சேவல், மனிதர்கள் போடும் இரைச்சல், ஒரு பெண்ணின் மௌனம். இவ்வளவுதான் இசை.

இதைத் தியேட்டரில் பார்த்த சிலர் நெகிழ்ந்தார்கள், சிலர் எரிச்சலானார்கள். இரண்டையும் குறை சொல்ல முடியாது. வாரம் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, 150 ரூபாய் கொடுத்துக் குடும்பத்தோடு வருகிறவர் தன் நேரத்துக்குக் கணக்குக் கேட்பார். கேட்க வேண்டும்.

இரண்டாவது வாசல்: விழா

வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்'. கோபக்கார அப்பாவும் சின்னப் பையனும் வெயிலில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். படமே அவ்வளவுதான். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி நிலத்தில் எடுக்கப்பட்ட அது, 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருதை வென்றது. அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம். ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் போனது. நம்மில் பலர் அதைப் பார்த்ததோ, 2023-ல் ஓ.டி.டி.யில் வந்தபிறகுதான். அதற்கு ஓராண்டு முன்னதாக, 2020-ல், கோவையில் ஒரு துணிக்கடை ஊழியரின் ஒரே ஒரு நாளைச் சொன்ன அருண் கார்த்திக்கின் 'நசீர்', அதே ராட்டர்டாமில் நெட்பேக் விருது பெற்றது. எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து வந்த படம் அது.

விழாவில் நல்லது என்னவென்றால், படத்தைப் படமாகப் பார்க்கத் தயாராக வந்த கூட்டம் இருக்கும். விருது கிடைத்தால் அடுத்த படத்துக்குப் பணம் கிடைக்கும். கெட்டது, அது தூரம். மேலூர் வெயில் ராட்டர்டாமுக்குப் போய்விட்டுத்தான் மேலூருக்குத் திரும்ப வருகிறது.

மூன்றாவது வாசல்: கலைக்கூடம்

இது நம்மில் பலர் அதிகம் யோசிக்காத வாசல். ஓவியமும் சிற்பமும் வைக்கிற இடத்தில் இப்போது படங்களும் ஓடுகின்றன. இருட்டறை, சுவரில் ஒரு படம், நாற்காலி இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. நடுவில் நுழையலாம், நடுவில் கிளம்பலாம்.

இதைப் பார்க்கப் பாரிஸுக்குப் போக வேண்டாம். போடியிலிருந்து மெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு, அடிமாலி வழியாக அந்தப் பக்கம் இறங்கினால் கொச்சி. அங்கே ஃபோர்ட் கொச்சியில் 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது கொச்சி-முசிறி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி. அதன் முக்கிய இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ். 19-ஆம் நூற்றாண்டில் மிளகு, இஞ்சி, காபி, தேயிலை என்று மலைச்சரக்கை வாங்கி ஏற்றுமதி செய்த வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கு அது. சரக்கு மூட்டை அடுக்கிய சுவர்களில் இன்று படம் ஓடுகிறது.

முதல் பினாலேயில் அங்கே வைக்கப்பட்டவற்றில் ஒன்று அமர் கன்வரின் 'தி சாவரின் ஃபாரஸ்ட்'. ஒடிசாவில் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நிலத்தைப் பறிகொடுக்கிற, பறிகொடுக்க மறுக்கிற மக்களைப் பற்றியது. அதில் படம் இருக்கும். கையால் செய்த புத்தகங்கள் இருக்கும். பக்கத்திலேயே விவசாயிகள் காத்துவந்த நெல் ரகங்களின் விதைகள் வரிசையாக இருக்கும். நிலம் போனால் என்ன போகும் என்பதை வசனம் இல்லாமல் அந்த விதைகள் சொல்லிவிடும். ரங்கசாமி அந்த அறைக்குள் நுழைந்திருந்தால் யாரும் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

இந்த வாசலின் பொருளாதாரமே வேறு. சினிமாக்காரர் எத்தனை பிரதி போகிறதோ அத்தனை சந்தோஷப்படுவார். கலைக்கூடத்தில் தலைகீழ். ஒரு வீடியோ படைப்பை மூன்று, ஐந்து என்று எண்ணி, இத்தனை பிரதிதான் என்று சான்றிதழோடு விற்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் மதிப்பு கூடும். அருங்காட்சியகங்களும் பணக்காரச் சேகரிப்பாளர்களும் வாங்குவார்கள். சில நேரம் அதுவும் ஏலத்துக்கு வரும். ஆக, இங்கேயும் ஏலம்!

டிக்கெட் விற்று ஒருநாளும் பிழைக்க முடியாத படங்களுக்கு இந்தப் பணம் உயிர்நாடி. தாய்லாந்தின் அபிசாட்போங் வீரசேதகுல் மாதிரி சிலர், ஒரு காலைக் கலைக்கூடத்திலும் மறுகாலைத் திரையரங்கிலும் வைத்து வேலை செய்கிறார்கள். 2010-ல் கான் விழாவின் தங்கப்பனை அவருக்குத்தான். ஆனால் உழைப்பைப் பற்றிய ஒரு படத்தை ஐந்து பிரதியோடு நிறுத்திவிட்டால், உழைத்தவர் கண்ணில் அது எப்படிப் படும்? இந்த வாசலின் சங்கடம் அதுதான்.

நான்காவது வாசல்: தெரு

இந்தச் சங்கடத்துக்கு ஜான் ஆபிரகாம் ஒரு பதில் வைத்திருந்தார். கேரளத்தில் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் ஜனங்களிடமே காசு வசூலித்து 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார். படத்தையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். காசு கொடுத்தவரே பார்வையாளர். நடுவில் ஏலம் இல்லை.

மதுரைக்காரர்கள் இன்னொரு பதிலை அறிவார்கள். ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. 1998 முதல் நடத்திவரும் மதுரை ஆவணப்பட, குறும்பட விழா. அவர் 2003-ல் எடுத்த 'பீ', மதுரையில் மலம் அள்ளும் ஒரு பெண் துப்புரவுத் தொழிலாளியின் வேலையைக் கூடவே நின்று பார்க்கும். அவர் பேசிக்கொண்டே வேலை செய்வார். கேமரா முகம் சுளிக்காது, விலகாது. பார்க்கிற நமக்குத்தான் விலகத் தோன்றும். அந்தத் தோன்றல்தான் படம் நம் முன் வைக்கிற குற்றச்சாட்டு. அதற்குக் கிராபிக்ஸ் தேவைப்படவில்லை. கூடவே நிற்கிற பொறுமை தேவைப்பட்டது.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் ஊரை விட்டுப் போய்விடுவதில்லை என்பதற்குத் தேனி ஈஸ்வரே சாட்சி. 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் நடந்த அவர் கேமரா, லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. மம்மூட்டி ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் இறங்கி, இன்னொரு மனிதனாக மாறுவார். வீடுகளில் ஓடுகிற பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் படம் நெடுக ஒலித்துக்கொண்டே இருக்கும். ரேடியோவும் டி.வி.யும் ஓயாத நம் மதிய நேரத் தெருதான் அது. அதையே படத்தின் இசையாக வைத்தது ஒரு முழுப் பரிசோதனை. பார்த்தவர்கள் யாரும் 'பரிசோதனை' என்று சொல்லவில்லை. "எங்க ஊரு மாதிரியே இருக்கு" என்றுதான் சொன்னார்கள். ஒரு பரிசோதனைக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டியதில்லை.

ஐந்தாவது வாசல்: உங்கள் கையில்

1895-ல் பிரான்ஸின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் எடுத்த முதல் படங்களில் ஒன்று, தொழிற்சாலையை விட்டு வெளியேறும் தொழிலாளர்கள். ஒரு நிமிடம்கூட ஓடாது. கதவு திறக்கும், ஆட்கள் வருவார்கள், போவார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1995-ல், ஜெர்மனியின் ஹாரூன் ஃபரோக்கி அந்தப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கட்டுரைப் படம் செய்தார். இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு மருத்துவரின் மகன் அவர். அவர் கவனித்தது இது: சினிமா தொழிற்சாலை வாசலில் தொடங்கியது, ஆனால் உள்ளே போகவே இல்லை. கதைகள் எல்லாம் வேலை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கின்றன. ஹீரோ என்ன வேலை பார்க்கிறார் என்பது பல படங்களில் நமக்குத் தெரியவே தெரியாதே!

2011-ல் ஃபரோக்கியும் அன்ட்ஜே ஏமனும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். உலகின் 15 நகரங்களில் பட்டறை. நம் பக்கத்தில் பெங்களூரும் ஒன்று. விதி மிக எளிது. ஒரு வேலையைப் படமெடுக்க வேண்டும். ஒன்று அல்லது இரண்டு நிமிடம். ஒரே ஷாட். வெட்டு, ஒட்டுக் கிடையாது. அந்தச் சின்னச் சின்னப் படங்கள் பின்னர் பெர்லின் உட்படப் பல இடங்களில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஃபிலிம் இல்லாமல், ஸ்டூடியோ இல்லாமல், வெறும் பொறுமையை வைத்துச் செய்த கலை அது.

அந்த விதிகளை இன்று உங்கள் போனிலேயே செய்துபார்க்கலாம். எடுப்பவர் எந்த வயதும் ஆகலாம்.

வேலை செய்கிறவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். போனைப் படுக்கைவாட்டில் எங்காவது சாய்த்து வையுங்கள். ஜூம் வேண்டாம், பின்னணிப் பாட்டு வேண்டாம். போடியில் பெண்கள் சுளகு நிறைய ஏலக்காயைக் கொட்டிக்கொண்டு தரம் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம், நிறம் வெளுத்தது ஒரு பக்கம். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் முடிவெடுத்துவிடும். அதை இரண்டு நிமிடம் நகராமல் பாருங்கள். உங்கள் ஊரில் அது பீடி சுற்றுவதாக இருக்கலாம், பூக்கட்டுவதாக இருக்கலாம், பரோட்டா மாவு வீசுவதாக இருக்கலாம். அம்மா தோசை வார்ப்பதும் வேலைதான்.

முதல் 20 விநாடி ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கை தானாக நிறுத்தப் போகும். நிறுத்தாதீர்கள். 40-வது விநாடி வாக்கில் கைகளின் தாளம் பிடிபடும். ஒரு நிமிடத்தில், இடுப்பு வலிக்கு அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது தெரியும். முடிந்ததும் முதலில் அவரிடமே போட்டுக் காட்டுங்கள். ஸ்டேட்டஸ் வைப்பதெல்லாம் அவர் சரி என்ற பிறகு.

அதற்குப் பிறகு ஒரு மாலை, வீட்டில் எல்லோருமாக 'மேற்குத் தொடர்ச்சி மலை'யையோ 'கூழாங்கல்'லையோ போட்டுப் பாருங்கள். மெதுவாகப் போகிறது என்று தோன்றினால், யார் எதைச் சுமந்துகொண்டு நடக்கிறார் என்று பாருங்கள். சுமையோடு நடக்கிறவர் அந்த வேகத்தில்தான் நடக்க முடியும்.